பிறர் போருக்குப் போனவர்கள்



நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. பூசைத் தட்டோடு விரைகின்ற அடியார்களில் பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதில்லை. பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) கட்டளையைச் சொல்லும் கல் அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரவேண்டும்; வந்தோர் காக்கப்பட வேண்டும்; யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டுப்போனால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு; வாணிபச் சரக்கு ஏற்றிய மரக்கலமாயின் பாதி பாதி. இதுவே கட்டளையின் சாரம். சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்கட்டும் என்று கல்லிலும் செம்பிலும் எழுதுவித்தான் மன்னன்.

அந்தக் கல்லில் அயல்நாட்டாரைக் குறிக்க வரும் சொல் ‘பரதேசிகள்’ என்பது. இன்று எங்கள் தீவகத்தில் அந்தச் சொல்லை ஒருவரை ஏசுவதற்கே வைத்திருக்கிறோம். அன்றைக்கு அது பாதுகாப்புக்குரியவனைக் குறித்த மரியாதைச் சொல். தூர தேசத்தான் ஒருவன் எங்கள் கரையில் எதையாவது இழந்தால் அவன் பங்கு அவனுக்கே திரும்பிச் சேர வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கல்லிலே இருக்கிறது.

இன்று நான் பேச விரும்புவது வேறொரு வகைப் பரதேசிகளைப் பற்றி. இவர்கள் யானை விற்கவோ குதிரை விற்கவோ போனவர்கள் அல்லர். தமக்குச் சொந்தமில்லாத ஒரு நாட்டில், தமக்குச் சொந்தமில்லாத ஓர் உள்நாட்டுப் போரில், ஒருவரும் அனுப்பாமல் தாமாகப் போய்ச் சேர்ந்த தொண்டர்கள். இவர்களுடைய நினைவு யாருடைய பொறுப்பு? பிறந்த நாட்டினுடையதா? போரிட்ட நாட்டினுடையதா? பங்கு பிரித்துக் கொடுக்க அவர்களுக்கு ஒரு பராக்கிரமபாகு இருந்தானா?

1936ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஸ்பெயினில் நடந்த தேர்தலில் இடதுசாரிகளும் குடியரசுவாதிகளும் சேர்ந்த மக்கள் முன்னணி வென்றது. யூலை மாதம் 17ஆம் 18ஆம் திகதிகளில் இராணுவத் தளபதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக விரைவிலேயே மேலெழுந்தவர் ஜெனரல் பிராங்கோ. ஹிட்லரின் ஜேர்மனியும் முசோலினியின் இத்தாலியும் பிராங்கோவுக்கு விமானமும் படையும் கொடுத்தன. பிரித்தானியாவும் பிரான்சும் ‘தலையிடாமை’ என்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு கைகட்டி நின்றன. குடியரசுக்குச் சோவியத் யூனியன் ஆயுதம் விற்றது. மெக்சிக்கோவும் தன்னால் இயன்றதைக் கொடுத்தது. உலகத்தின் மூலை முடுக்குகளிலிருந்து ஆட்களும் வந்தார்கள். 50க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 35,000 பேர் சர்வதேசப் படையணிகளில் சேர்ந்தார்கள். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலுமிருந்து மட்டும் சுமார் 2,500 பேர். அவர்களில் 500க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

போவது எளிதாக இருக்கவில்லை. 1937 ஜனவரியில் பிரித்தானிய அரசு, பிறநாட்டுப் படையில் சேர்வதைத் தடுக்கும் 1870ஆம் ஆண்டுப் பழஞ்சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தது. கடவுச்சீட்டு இல்லாமலே பாரிசுக்குப் போய்வர அந்நாளில் வார இறுதிப் பயணச்சீட்டு கிடைத்தது. அந்தச் சீட்டோடு புறப்பட்டவர்கள் பாரிசிலிருந்து தெற்கே போய், கயிற்று அடியுடைய துணிச் செருப்பை அணிந்துகொண்டு, இருளில் பிரெனீஸ் மலையை ஏறிக் கடந்தார்கள். சுரங்கத் தொழிலாளி, துறைமுகத் தொழிலாளி, வேலையற்றோர், மாணவர், கவிஞர் என்று எல்லா வகையினரும் அந்த வரிசையில் இருந்தனர்.

எங்கள் விமர்சன உலகம் நன்கறிந்த ஒரு பெயரும் அதில் உண்டு. கிறிஸ்தோபர் கோட்வெல். கவிதையின் பிறப்பை ஆராய்ந்த அவருடைய நூலை எங்கள் முற்போக்கு விமர்சகர்கள் விரும்பிப் படித்தார்கள்; பேராசிரியர் க. கைலாசபதி பர்மிங்காமில் ஆய்வு செய்தபோது அவருக்கு வழிகாட்டிய ஜோர்ஜ் தொம்சனும் அந்தச் சிந்தனை மரபைச் சேர்ந்தவரே. அந்தக் கோட்வெல் 1937 பெப்ரவரி 12ஆம் திகதி, ஹராமா ஆற்றங்கரையில், தாம் போரில் இறங்கிய முதல் நாளிலேயே இறந்தார். அவருக்கு 29 வயது. அவரை உலகறியச் செய்த அந்த நூல் அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. கோட்வெல் என்பதும் அவருடைய சொந்தப் பெயரல்ல, புனைபெயர். இயற்பெயர் கிறிஸ்தோபர் செயின்ற் ஜோன் ஸ்பிரிக்.

இந்தப் பெயர் விவகாரத்தை நேயர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். இனி நான் சொல்லப் போகிறவரும் வேறொரு பெயரிலே போரிட்டவர்தான்.

இந்தியாவிலிருந்து ஸ்பெயினை நோக்கி எழுந்த குரல்கள் பல. 1937இல் இரவீந்திரநாத தாகூர் ஸ்பானிய மக்களுக்காக ஒரு வேண்டுகோள் விடுத்தார். 1938 யூனில் ஜவகர்லால் நேரு, கிருஷ்ண மேனனுடன் பார்சிலோனாவுக்கே போனார். குண்டுவீச்சுக்கு உள்ளாகிக்கொண்டிருந்த அந்த நகரில் ஐந்து நாட்கள் தங்கினார். டொக்டர் அடல் என்ற இந்திய மருத்துவர் குடியரசுப் பக்கத்து மருத்துவப் பணிக்குச் சென்றார். இவர்களெல்லாம் தத்தம் பெயரிலே பேசினர், தத்தம் பெயரிலே பணி செய்தனர். துப்பாக்கி ஏந்தப் போன ஒருவரோ தமது பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

அவர் பெயர் கோபால் முகுந்த் ஹுத்தார். 1902இல் பிறந்தவர், நாக்பூரில் பாலாஜி ஹுத்தார் என்று அறியப்பட்டவர். 1925இல் டொக்டர் ஹெட்கேவார் நாக்பூரில் தொடங்கிய ராஷ்டிரிய சுயம்சேவக் சங்கத்தின் முதற் பொதுச் செயலாளராக, 1929இல் நியமிக்கப்பட்டவர் இவரே. 1931இல் விடுதலை இயக்கத்துக்குப் பணம் திரட்டுவதற்காக நடந்த பாலாகாட் கொள்ளை வழக்கில் தண்டிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார். வெளியே வந்தபின் பத்திரிகைத் தொழில் கற்க இலண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே அவருடைய எண்ணங்கள் திசை மாறின. 1937இல் ‘ஜோன் ஸ்மித்’ என்ற பெயரில் சர்வதேசப் படையணியில் சேர்ந்து ஸ்பெயினுக்குப் போய்விட்டார்.

ஆங்கிலத்தில் ஜோன் ஸ்மித் என்பதற்கு மேல் முகமற்ற பெயர் இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் தம்மைக் ‘கந்தையா’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிடுவது போன்றது அது. 1938 வசந்த காலத்தில் பிராங்கோவின் படை அரகோன் பிரதேசத்தை உடைத்துக்கொண்டு முன்னேறியபோது, கந்தேசா என்ற ஊர்ப் பகுதியில் ஹுத்தார் பிடிபட்டார். பிடித்தவர்களின் ஏட்டிலும் அவர் ஜோன் ஸ்மித்தாகவே இருந்தார்.

அவரை அடைத்து வைத்த இடம் புர்கோஸ் நகருக்கு அருகே உள்ள சான் பேத்ரோ தெ கார்தெஞா. பழைய துறவியர் மடம் ஒன்றைச் சிறையாக்கியிருந்தார்கள். பல நாட்டுத் தொண்டர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே அடைபட்டிருந்தனர். மார்க்சியம் மனிதனுடைய உடற்கூற்றில் உள்ள குறைபாடா என்று கண்டுபிடிப்பதற்காகப் பிராங்கோவின் மனநோய் மருத்துவர் ஒருவர் அந்தக் கைதிகளைப் பரிசோதித்தார் என்பது வரலாறு. அதே சிறைக்குள் கைதிகள் வகுப்புகள் நடத்தினார்கள். தாங்களே எழுதிப் பகிர்ந்து படிக்க ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் வெளியிட்டார்கள். வாசிகசாலைக் கையெழுத்துச் சஞ்சிகைகளில் எழுத்து பழகிய எங்கள் தலைமுறைக்கு இந்தச் செய்தி மனத்தைத் தொடாமல் போகாது. தங்கள் நினைவை வேறு எவரும் பாதுகாக்கப் போவதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது போலும்.

1938 முடிவதற்குள் ஹுத்தார் விடுதலையாகி இலண்டன் வழியாக இந்தியா திரும்பினார். பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1979இல் ஓர் ஆங்கில வார இதழில், போர் மூளும் தறுவாயில் சுபாஸ் சந்திர போசுக்காகத் தாம் ஹெட்கேவாரிடம் தூது போன கதையை எழுதினார். 1981இல் காலமானார்.

இவரை யார் நினைவில் வைத்திருப்பது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அவர் தொடக்கத்தில் இருந்த இயக்கத்தாருக்கு அவருடைய பிற்பாதி வாழ்க்கை இடிக்கும். பின்னர் சேர்ந்த இயக்கத்தாருக்கு முற்பாதி இடிக்கும். இரு தரப்பும் அவரைப் பாதியாக வெட்டி எடுத்தாலன்றித் தமது சுவரில் மாட்ட முடியாது. அவர் போரிட்ட குடியரசோ 1939 ஏப்ரல் முதலாம் திகதியோடு தோற்று மறைந்துவிட்டது. வென்ற பிராங்கோ 1975இல் இறக்கும் வரை ஆண்டார். தோற்றவன் பக்கம் நின்ற அயலானுக்குக் கல் நாட்ட அங்கே யார் இருந்தார்கள்?

இதற்கு நேர்மாறான ஒரு கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்பெயினிலிருந்து திரும்பிய அதே டொக்டர் அடல் 1938இல் ஐந்து இந்திய மருத்துவர்கள் கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கிச் சீனாவுக்குப் போனார். யப்பானியருக்கு எதிராகப் போராடிய சீனர்களுக்கு மருத்துவம் செய்வதே அவர்களுடைய பணி. அந்த ஐவரில் ஒருவர் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிஸ். 1942 டிசம்பர் 9ஆம் திகதி அங்கேயே இறந்தார். சீனாவில் அவருக்குச் சிலை உண்டு, நினைவகம் உண்டு. இந்தியாவில் அவரைப் பற்றி 1946இல் சாந்தாராம் திரைப்படமே எடுத்தார். கோட்னிசின் தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் பணி செய்த பக்கம் 1949இல் ஆட்சியைப் பிடித்தது. ஹுத்தார் போரிட்ட பக்கம் தோற்றது. பிறர் போருக்குப் போனவனுடைய நினைவு அவனுடைய துணிவை மட்டும் பொறுத்ததல்ல. யார் வென்றார், வென்ற பின் எழுதுகோல் யார் கையில் இருந்தது என்பதையே அது பெரிதும் பொறுத்திருக்கிறது.

வென்றவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மட்ரிட் நகரின் புயென்கரால் மயானத்தில் சர்வதேசப் படையணியினர் பலர் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். பிராங்கோவின் ஆட்சியில் அந்த எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டுப் பொதுக்குழியில் கொட்டப்பட்டன. இறந்தவனை இரண்டாம் தடவை கொல்லும் வழி அது. கல்லறை இடிபடுவது என்றால் என்ன என்று எங்கள் மண்ணில் வாழ்வோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு கல் தப்பிவிட்டது. 1938இல் எப்ரோ ஆற்றுப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, பேர்சி லட்விக் என்ற பொறியியலாளரும் அவருடைய ஆட்களும் அந்தப் போர்க்களத்து மலையிலே ஒரு நினைவுக் கட்டை கட்டினார்கள். அந்தப் போரில் விழுந்த தோழர்கள் பலருடைய பெயர்களை அதிலே பொறித்தார்கள். ஆள் நடமாட்டமற்ற மலைச்சரிவில் இருந்ததால் பிராங்கோவின் காலம் முழுவதையும் அது கடந்து நின்றது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் நடுகற்கள்தான் நினைவுக்கு வந்தன. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்குக் கல் நட்டு, பெயரும் செயலும் எழுதி வைப்பது தமிழனின் பழைய வழக்கம். செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதிலே வீரனின் பெயரோடு, கள்ளரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாயின் பெயர் பதின்மூன்று நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது. பெயரை எழுதிவைத்த ஒருவன் இருந்தான், அதனால் நிற்கிறது.

அரசு அனுப்பிய படைகளின் நிலை வேறு. 1987 முதல் 1990 வரை இங்கே நிலைகொண்டிருந்த இந்திய அமைதிகாக்கும் படையில் சுமார் 1,200 பேர் இறந்தனர். அவர்களுக்கு ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில் நினைவுச்சின்னம் இருக்கிறது, பலாலியிலும் உண்டு. அந்தப் படையின் காலத்தில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் 1987 ஒக்டோபரில் கொல்லப்பட்ட வைத்தியர்களையும் தாதியரையும் நோயாளரையும் அந்தக் கற்கள் பேசா. அவர்களை ஆஸ்பத்திரியின் சொந்த மக்களே நினைவுகூர்கின்றனர். அரசுகள் தாம் அனுப்பியவர்களை எண்ணி வைத்துக்கொள்ளும். தாமாகப் போனவனுக்கும் அகப்பட்டு இறந்தவனுக்கும் எந்த அரச ஏட்டிலும் பக்கம் இல்லை.

இந்த அநீதியை எங்கள் நாட்டார் ஒருகாலத்தில் பூவைக் கொண்டே சுட்டிக்காட்டினர். முதலாம் உலகப் போரில் இறந்தோர் நினைவாக நவம்பர் 11இல் பொப்பி மலர் விற்பார்கள். இலங்கையில் சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே போனது. இலங்கையரான முன்னாள் வீரருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டு எழுந்ததே சூரியமல் இயக்கம். 1933இல் இளைஞர் அமைப்புகள் அதைக் கையிலெடுத்தன. பின்னாளில் டொரீன் விக்கிரமசிங்க என்று அறியப்பட்ட ஆங்கிலப் பெண்மணி ‘பூக்களின் போர்’ என்ற பொருளில் தலைப்பிட்டு அதற்காக எழுதினார். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது அந்த இயக்கத்தாரே கிராமங்களில் மருந்தும் உணவும் கொண்டு திரிந்தனர். நினைவுகூர்தலில் பங்குப் பிரச்சினை ஒன்று இருக்கிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். கெட்டுப்போன மரக்கலத்தின் சரக்கில் யாருக்கு எத்தனை பங்கு என்ற நயினாதீவுக் கல்லின் கேள்வியும் அதுதான்.

ஸ்பெயினில் பங்கு மெல்ல மெல்லவே திரும்பக் கிடைத்தது. 1938 ஒக்டோபர் 28ஆம் திகதி பார்சிலோனாவில் தொண்டர்களுக்கு விடைகொடுத்த ஊர்வலத்தில், ‘லா பாசியொனாரியா’ என்று மக்கள் அழைத்த டொலோரஸ் இபாருரி, சமாதானம் வந்ததும் எங்களிடம் திரும்பி வாருங்கள் என்ற கருத்தில் அவர்களை வேண்டிக்கொண்டார். அந்த அழைப்பு நிறைவேற 58 ஆண்டுகள் பிடித்தன. 1996இல் ஸ்பானிய அரசு எஞ்சியிருந்த தொண்டர்களுக்குக் குடியுரிமை வழங்க முன்வந்தது. அவ்வாண்டு நவம்பரில் தள்ளாத வயதில் சில நூறு பேர் மட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் வந்தனர். அப்போதும், சொந்த நாட்டுக் குடியுரிமையைத் துறந்தால்தான் ஸ்பானியக் குடியுரிமை என்ற முட்டுக்கட்டை இருந்தது. 2007ஆம் ஆண்டின் வரலாற்று நினைவுச் சட்டமே அதை நீக்கியது. 2009இல் இலண்டனில் ஏழு முதியவர்கள் ஸ்பானியக் கடவுச்சீட்டைக் கையில் வாங்கினார்கள். 2022இல் வந்த சட்டம் சந்ததியினருக்கும் வழி திறந்தது. அதற்குள் அநேகமாக எல்லாத் தொண்டர்களும் மறைந்துவிட்டனர். கடைசியாக உயிரோடிருந்தவர் என்று கருதப்பட்ட ஜோசெப் அல்முதேவர் 2021 மே மாதம் 101 வயதில் காலமானார்.

இலண்டன் தேம்ஸ் நதிக்கரையில் 1985இல் மைக்கல் ஃபூட் திறந்துவைத்த சிலை நிற்கிறது. அது அரசு கட்டியதன்று. தொழிற்சங்கங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் தனிமனிதரும் தந்த பணத்தில் எழுந்தது. போர் முடிந்ததும் மொஸ்கோவுக்குக் கொண்டுபோகப்பட்ட படையணி ஆவணங்கள் 1990களில் ஆய்வாளருக்குத் திறக்கப்பட்டன. அமெரிக்கத் தொண்டர்களின் கடிதங்களும் படங்களும் நியூயோர்க்கில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. புனைபெயருக்குப் பின்னால் நின்ற மனிதனை இத்தகைய தாள்களைக் கொண்டுதான் அடையாளம் காண்கிறார்கள். ஏட்டில் உள்ள ஒரு ஜோன் ஸ்மித்தை நாக்பூரில் பிறந்த ஹுத்தாரோடு சேர்த்து வைப்பதற்கு, இந்தப் பக்கம் அவரே சொன்னதும் எழுதியதும் இருந்தன. அந்தப் பக்கம் அவருக்காக நடந்த வரவேற்பின் செய்தியும் கைதிகளின் விபரமும் இருந்தன. இரண்டு பக்கத்துக் காகிதமும் வேண்டும். ஒரு பக்கம் எரிந்துவிட்டால் மறுபக்கம் வெறும் பெயராய் நின்றுவிடும்.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். தாமாகப் போனார் என்பதனாலே ஒருவர் போற்றத்தக்கவர் ஆகிவிட மாட்டார். அதே ஸ்பெயினுக்கு அயர்லாந்திலிருந்து ஓடஃபி என்பவர் சுமார் 700 பேரைக் கூட்டிக்கொண்டு பிராங்கோவுக்காகப் போரிடப் போனார். பிராங் ரையன் தலைமையில் வேறு ஐரிஷ்காரர் குடியரசுக்காகப் போனார்கள். ஒரே ஊரார் இரு பக்கமும் நின்றனர். குடியரசுப் பக்கத்திலும் கறை இல்லாமலில்லை. 1937 மே மாதம் பார்சிலோனாத் தெருக்களில் குடியரசின் ஆதரவாளர்களே ஒருவரையொருவர் சுட்டனர். சிறிய இடதுசாரிக் கட்சி ஒன்றின் படையில் போரிட்டுக் கழுத்தில் குண்டுபட்ட ஜோர்ஜ் ஓர்வெல், அந்தக் கட்சி தடைசெய்யப்பட்டதால் ஒளிந்து ஸ்பெயினை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1938இல் அவர் எழுதிய நூலின் முதற்பதிப்பில் அடித்தவை 1,500 பிரதிகள். அவர் 1950இல் இறக்கும்போதும் அவை விற்று முடியவில்லை. அன்று தோழர்களுக்கே வேண்டாதிருந்த அந்த நூலைத்தான் இன்று அந்தப் போரை அறிய விரும்பும் எவரும் முதலில் தேடுகின்றனர்.

ஆகவே நினைவைப் பாதுகாப்பது என்பது பூமாலை சூட்டுவதோடு முடிவதில்லை. ஹுத்தாரை நினைப்பதாயின் நாக்பூரையும் கந்தேசாவையும் சேர்த்தே நினைக்க வேண்டும். படையணிகளை நினைப்பதாயின் ஹராமாவையும் பார்சிலோனாத் தெருக்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும். வசதிப்படி வெட்டப்பட்ட நினைவு, பொதுக்குழியில் கொட்டிய எலும்பைப் போல, இன்னாருடையது என்று சொல்ல முடியாததாகிவிடும்.

எங்களுக்கும் ஸ்பெயினுக்கும் என்ன தொடர்பு என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். முதற்பதில் இலக்கியம் சார்ந்தது. முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில் ஜேர்மனியின் படை புகுந்த பெல்ஜியத்துக்காகப் பாரதி வாழ்த்துப் பாடினான். தான் கண்ணாற் காணாத தேசத்தின் வீழ்ச்சிக்குத் தமிழிலே ஒரு பாட்டு எழுதுவது தன் கடமை என்று அவன் நினைத்தான். பிறர் துயரைத் தன் மொழிக்குள் கொண்டுவரும் அந்த மரபில் நாங்களும் இருக்கிறோம்.

இரண்டாவது பதில் எங்கள் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. குடாநாட்டிலிருந்தும் தீவகத்திலிருந்தும் மலாயாவுக்குப் போனவர்களின் பிள்ளைகளில் சிலர், 1943க்குப் பின் சுபாஸ் சந்திர போசின் இந்திய தேசிய இராணுவத்திலும் கப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார்கள். இந்தியாவைக் கண்ணாலும் காணாத தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும், இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் அந்தப் படைகளில் இருந்தனர். அது உள்நாட்டுப் போரன்று. ஆனால் அவர்களும் தமது அல்லாத மண்ணில், தாமாகச் சேர்ந்த தொண்டர்களே. அந்தப் படையில் இறந்தோருக்காக 1945 யூலை 8ஆம் திகதி சிங்கப்பூர்க் கடற்கரையில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, செப்டெம்பரில் திரும்பி வந்த பிரித்தானியர் தகர்த்தெறிந்தார்கள். அதே இடத்தில் ஒரு நினைவுப் பலகை மறுபடி எழுவதற்கு 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புயென்கரால் மயானத்தின் கதை வேறு கரையிலும் நடந்திருக்கிறது.

அவர்களுடைய நினைவின் மறுபக்கக் காகிதம் எங்கே? எங்கள் ஊர்களில், மலாயாப் பென்சன்காரர் கொண்டுவந்த றங்குப்பெட்டிகளில் இருந்தது. இருந்தது என்று இறந்தகாலத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஊரின் பொது நினைவு எரிந்தது. 1990இலும் அதற்குப் பின்னரும் தீவக மக்கள் வீடுவாசலை விட்டு ஓடியபோது, குடும்பங்களின் நினைவு கூரையோடு சேர்ந்து இடிந்தது. ஆட்கள் சோற்றுப்பானையையும் உறுதிப் பத்திரத்தையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பழைய கடிதக்கட்டைத் தூக்கியவர் குறைவு. அவர்களைக் குறைசொல்ல முடியாது.

ஆனாலும் பெயர் எழுதிவைப்பதன் மதிப்பைத் தீவகம் அறியாததல்ல. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்ட பயணிகளுக்கு நெடுந்தீவில் நினைவுத்தூபி உண்டு. ஆண்டுதோறும் அந்த நாளில் மக்கள் கூடி விளக்கேற்றுகின்றனர். அவர்கள் போருக்குப் போனவர்கள் அல்லர், துறைக்குப் போனவர்கள். ஆனாலும் அவர்களை ஓர் எண்ணிக்கையாக விட்டுவிடாமல், பெயர் சொல்லக்கூடிய மனிதராக ஊர் காத்து வைத்திருக்கிறது. எந்த அரசும் சொல்லி அதை அவர்கள் செய்யவில்லை.

அதே கவனத்தை, கடல் கடந்து பிறர் போருக்குப் போன எங்கள் ஊரவருக்கும் காட்டலாம். அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பற்றி வாதிடப் பின்னர் நேரம் உண்டு. முதலில் அவர் இன்னார், இன்ன ஊரவர், இன்ன ஆண்டில் இன்ன படையில் சேர்ந்தார், இன்ன இடத்தில் இறந்தார் அல்லது திரும்பினார் என்பது எழுதப்பட வேண்டும். புனைபெயர் இருந்தால் இரண்டு பெயரும் எழுதப்பட வேண்டும். மனம் மாறியிருந்தால் அதுவும் எழுதப்பட வேண்டும். ஊர் வாசிகசாலையில் ஒரு கொப்பி போதும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இலண்டனிலும் வாழும் உறவினருக்கு ஒரு கடிதம் போதும்.

உங்கள் வீட்டில் இப்படியான ஒரு பெட்டி தப்பியிருந்தால், அதிலே சீருடையணிந்த யாராவது ஒருவரின் படம் இருந்தால், அதை அடையாளம் சொல்லக்கூடிய வயதானவர் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், இந்த நிகழ்ச்சி முடிந்த கையோடு அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரைப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை நாளடைவில் முன்புறம் ஊறிவிடும்.